ஒரு தடவைக்கு மேல் கேட்காதவள்

"வேண்டாம்" என்று காதில் விழுந்ததும் அவள் பேனாவை மூடிவிடுவாள். "சரிங்க, ரொம்ப நன்றி." அவ்வளவுதான், அடுத்த நாற்காலிக்குப் போய்விடுவாள். "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன்" கிடையாது. "உங்க நல்லதுக்குத்தானே சொல்றேன்" கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவில், நோயாளிகள் காத்திருக்கும் நீளமான கூடத்தில், காலை முழுவதும் இப்படித்தான் வரிசை வரிசையாக நகர்ந்துகொண்டிருப்பாள். வாசல் காவலரிலிருந்து மருந்து கொடுக்கும் பெண்கள் வரைக்கும் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'ஒருவாட்டி அக்கா'.

கேள்வி கேட்பது அவள் வேலை. கண் அழுத்த நோய் என்று ஒன்று உண்டு. டாக்டர்கள் கிளாக்கோமா என்பார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வரும். வலிக்காது, சிவக்காது, வந்திருக்கிறேன் என்று சொல்லாது. அதைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது, எத்தனை பேருக்குத் தெரியாமலே வந்திருக்கிறது என்று அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடக்கிறது. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் கூடப் பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகமாம். அதனால் துணைக்கு வந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளையும் விடுவதில்லை. முதலில் கேள்விகள், பிறகு, அவர்கள் சரி என்றால், பரிசோதனை.

கழுத்தில் அடையாள அட்டை, கையில் தாள் செருகிய பலகை, கன்னத்தில் எப்போதும் ஓர் ஏலக்காய். ஏலக்காய் வாசனைக்காக அல்ல, வாயை அடைக்க. கேள்விகள் முடியும்வரை பதிலைத் திருத்தக் கூடாது, சரி என்றோ தப்பு என்றோ முகத்தில்கூடக் காட்டக் கூடாது என்பது ஆய்வு நடத்தும் டாக்டரம்மாவின் கட்டளை. வரும் பதில்களோ கல்லையும் சிரிக்க வைக்கும்.

"இந்த நோய் எதனால வருதுன்னு நினைக்கிறீங்க?"

"மருமக கூடச் சண்டை போட்டா வரும். பிரஷர் எங்க போகும்? கண்ணுக்குத்தான் ஏறும்."

தலையணை உயரத்தால் வரும் என்பார் ஒருவர். மூக்குக் கண்ணாடியை இறுக்கமாக மாட்டினால் வரும் என்பார் இன்னொருவர். அவள் சுவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எழுதிக்கொள்வாள். ஏலக்காய் மட்டும் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போகும். கடைசிக் கேள்வி முடிந்ததோ இல்லையோ, அதை நறுக்கென்று கடித்து விழுங்கிவிட்டு, "இப்ப நான் பேசட்டுமா?" என்பாள். அதற்குப் பிறகு அவளை நிறுத்த ஆஸ்பத்திரிச் சங்கு ஊத வேண்டும்.

இதற்கு முன்னால் அவள் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்றவள். நாலு 'வேண்டாம்'களைத் தாண்டினால்தான் வியாபாரமே ஆரம்பிக்கிறது என்ற கொள்கைக்காரி. குழாயே இல்லாத வீட்டிலும் ஒன்றை மாட்டிவிட்டு வந்தாளாம். கிணறு வெட்டுகிறவர் வீட்டில் இரண்டு மாட்டினாளாம். இதில் பாதி அவள் சொன்னது, மீதி நான் சேர்த்தது. எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது உங்கள் பாடு.

அப்பேர்ப்பட்டவளுக்கு, ஒரு தடவைக்கு மேல் கேட்காதே என்று சட்டம். "முதல் மாசம் ஜுரமே வந்துடுச்சும்மா" என்றாள் என்னிடம். "டாக்டரம்மாகிட்ட போய் அழுதேன். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? இங்க வர்றவங்க பயந்துபோய் வர்றாங்க. மாட்டேன்னா வைத்தியம் பார்க்க மாட்டாங்களோன்னு எதுக்கும் தலையாட்டிடுவாங்க. அவங்க 'வேணாம்'னு சொல்ல முடியற ஒரே இடம் நீதான், அதையும் பிடுங்கிடாதேன்னாங்க. அன்னிக்கு அடங்கினேன்."

அடங்கியது எவ்வளவு என்றால், வீட்டிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. சாப்பிட வருகிறீர்களா என்று கணவரை ஒரு தடவை கேட்பாள். பிகு பண்ணினால் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கப்பட்டுவிடும். நாத்தனார்கள் எல்லாம் இப்போது அவள் வீட்டு வாசற்படியில் கால் வைக்கும்போதே, "காப்பி சாப்பிடுறேன், சாப்பாடும் சாப்பிடுறேன்" என்று சொல்லிக்கொண்டேதான் நுழைகிறார்களாம்.

நாங்கள் அவளிடம் சிக்கியது தம்பியால். அவனுக்குத்தான் கண் அழுத்தம். அரை வருடத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். அன்று துணைக்கு நானும் அக்காவும் போயிருந்தோம். அக்கா தையற்காரி. பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கிறாள். கணவர் போன பிறகு அந்தத் தையல் மெஷின்தான் அவளுக்குச் சோறு, அதைவிட முக்கியமாக, யாரிடமும் கை நீட்டாத கௌரவம். ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. அன்று வந்ததுகூடத் திரும்பும் வழியில் நூல்கண்டு வாங்கலாம் என்றுதான்.

என்னைக் கேட்டதும் சரி என்றுவிட்டேன். ஒருத்தி எதிரில் உட்கார்ந்து நான் சொல்வதை எல்லாம் எழுதிக்கொள்கிறாள் என்றால் கசக்குமா? என்னை முடித்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மா, உங்களையும் கேட்கலாமா? விருப்பம் இருந்தா மட்டும்தான். வேணாம்னாலும் உங்க தம்பி வைத்தியத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"எனக்கு எதுக்கு? இந்த வயசுலயும் ஊசியில நூலை நானேதான் கோக்குறேன். வேணாம்."

"சரிங்க பெரியம்மா. ரொம்ப நன்றி."

பேனா மூடிக்கொண்டது. அவள் எழுந்து போய்விட்டாள்.

அக்கா, மடியில் இருந்த பையை ஒழுங்குபடுத்தி, முந்தானையைச் சரிசெய்து, இரண்டாம் தடவைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் முதல் 'வேண்டாம்' என்பது தொண்டையைச் செருமுவது மாதிரி. இரண்டாவது மானத்துக்கு. மூன்றாம் தடவை கேட்டால்தான் நிஜமான பதில் வரும். அக்கா தன் கல்யாணத்துக்கே மூன்றாம் தடவைதான் தலையாட்டினாள். அதற்குள் மாப்பிள்ளை பாதி வழி போய்த் திரும்பி வந்தார்.

"பார்த்தியாடி?" என்றாள் என்னிடம். "உன்னை அரை மணி நேரம் குடைஞ்சா. என்கிட்ட ஒரு வார்த்தை. நான் என்ன அவ்வளவு இளக்காரமா?"

"நீதானேக்கா வேணாம்னே."

"வேணாம்னா வேணாமா? மனுஷின்னா இன்னொரு தடவை கேக்க மாட்டாளா?"

வரிசையின் கடைசியில் ஒருவாட்டி அக்கா நின்றுகொண்டிருந்தாள். அடுத்த வரிசைக்குப் போகவில்லை. பலகையில் தாளை எடுத்தாள், செருகினாள், மறுபடி எடுத்தாள். ஏலக்காய் இரண்டு கன்னத்துக்கும் நடையாக நடந்துகொண்டிருந்தது. ஏன் என்று பிற்பாடு சொன்னாள். அக்கா கூடத்துக்குள் வரும்போது இடப்பக்கம் நின்ற தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டதையும், நான் இடப்பக்கமாக நீட்டிய தண்ணீர்ப் புட்டியைக் கவனிக்காமலே இருந்ததையும் அவள் பார்த்திருக்கிறாள். "வாய் வரைக்கும் வந்துடுச்சும்மா. ஆனா மாட்டேன்னவங்களை பயமுறுத்தி சரின்னு சொல்ல வெச்சா, அதுக்குப் பேரு சம்மதமா?"

நான் இதெல்லாம் தெரியாமல், வம்புக்கு, "அப்ப நீயே போய் ஏன் கேக்கலைன்னு சண்டை போடேன்" என்றேன்.

"நான் ஏன் போகணும்?" என்றாள் அக்கா. என்றவள், கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "ஏம்மா, கேள்விக்காரம்மா! இங்க வா. அது என்ன, ஒரு தடவை கேட்டுட்டு ஓடுறது? கடன்காரன்கூட நின்னு கேப்பான்!"

வந்தாள் என்று சொல்ல மாட்டேன், பறந்தாள்.

"நீங்களா கூப்பிட்டா நான் வரலாம் பெரியம்மா. முதல்லேருந்து ஆரம்பிக்கட்டுமா?"

"ஆரம்பி. ஆனா எனக்கு ஒண்ணும் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்."

அவசரத்தில் ஒரு வரியை விட்டிருக்கலாம். விடவில்லை. விருப்பம் இருந்தால் மட்டும்தான், நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் எழுந்து போகலாம் என்று ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள். "அதான் சரின்னுட்டேனே, எத்தனை தடவை சொல்லுவே!" என்று அக்கா அதட்டினாள். ஒருவாட்டி அக்கா பலகையை இறுக்கிப் பிடித்திருந்தாள். குரல் மட்டும் நிதானம் தவறவில்லை.

பரிசோதனை அறையில் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி மெஷின். அதற்குள் முகத்தை வைத்து, நேராகப் பார்த்துக்கொண்டே, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. அக்கா வெளியே வந்து புகார் சொன்னாள்.

"வலது கண்ணுக்கு நல்லாத்தான் மின்னுச்சு. இடது கண்ணுக்கு மெஷின் ரிப்பேர். லைட்டே வரலை. ஆளை வெச்சு சரி பண்ணச் சொல்லு."

எதற்கும் சிரிக்கிற எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. மெஷின் ரிப்பேர் இல்லை. இடது கண்ணில் நடுவில் சாவித்துவாரம் அளவுக்குத்தான் பார்வை மிச்சம் இருந்தது. ஊசியும் நூலும் அந்தத் துவாரத்துக்குள் அடங்கிவிட்டதால் அவளுக்குத் தெரியவில்லை. வலது கண்ணிலும் ஓரம் கரைய ஆரம்பித்திருந்தது. போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. தம்பியின் அடுத்த வரவுக்கு விட்டிருந்தால் அதையும் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க முடியாதாம்.

அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "நான் தைச்சதெல்லாம் நேராத்தானேடி இருந்துச்சு?"

"நேராத்தான்கா இருந்துச்சு."

ஒருவாட்டி அக்கா அவள் முன்னால் தரையிலேயே உட்கார்ந்து, கீழ் இமையை எப்படி இழுப்பது, சொட்டு விட்டபின் மூக்கோரம் எப்படி அழுத்திக்கொள்வது என்று காட்டினாள். அக்கா விட்ட முதல் சொட்டு குறி தவறிக் கன்னத்தில் வழிந்தது. "பரவாயில்லை பெரியம்மா, கன்னத்துக்கும் நல்லதுதான்" என்றாள். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு பல தடவை போய்விட்டு வந்தாயிற்று. வலது கண் இருந்த இடத்திலேயே நிற்கிறது. சீருடைகள் தைக்கப்படுகின்றன, காலர்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவு. நாங்கள் சண்டை போட இன்னும் விஷயம் இருக்கிறது, அவள் முறைக்க ஒரு கண் நன்றாக இருக்கிறது. காலையில் அவள் சொட்டு மருந்துப் புட்டியைக் குலுக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம், அந்தக் கேள்விக்காரிக்கும் அவள் வாயைக் கட்டிய டாக்டரம்மாவுக்கும் சேர்த்து மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் மறுபடி அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அக்கா தன் முறைக்காக எதிர்க் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடப்பக்க நடையிலிருந்து ஒருவாட்டி அக்கா வந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "பெரி..." என்று வாயெடுத்தவள், சட்டென்று நின்றாள். திரும்பினாள். நாற்காலிகளுக்குப் பின்னால் நுழைந்து, தூணைச் சுற்றி, யாரோ வைத்திருந்த மூட்டையைத் தாண்டி, அக்காவின் வலப்பக்கம் வந்து நின்றாள். அக்காவின் முகம் தன் பக்கம் திரும்பும் வரை காத்திருந்து, பிறகு குனிந்தாள்.