பூங்காவில் பெண் பார்த்த நாள்

என் தங்கை கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளையோடு அரை மணி நேரம் தனியாகப் பேச வேண்டும். வீட்டுக்கு வந்து கேசரியைத் தின்றுவிட்டு, "பொண்ணு கொஞ்சம் கருப்போ" என்று போனவர்களைப் பார்த்து அவள் சலித்திருந்தாள். இந்த ஆலங்குளத்துப் போலீஸ்காரரை மட்டும் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. அதனால்தான் பயந்தாள்.

ஐந்தருவிப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்துப் பூங்கா இருக்கிறதே, அங்கே சந்திக்கட்டும் என்று சொன்னது நான். பெரிய பெரிய மரங்கள், நிழல், பெஞ்சு. இரண்டு பேர் பேச வேறென்ன வேண்டும்? ஆனால் அது ஆனி மாதம். சாரல் காலத்தில் எங்கள் ஆட்களிடம் குற்றாலம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. எடுத்தால் எண்ணெய்ச் சீசாவும் துண்டும் தானாகக் கிளம்பிவிடும்.

எங்கள் பக்கம் ஒரு வேன், அவர்கள் பக்கம் ஒரு வேன். சித்தி அண்டா நிறையப் புளியோதரை கிண்டியிருந்தாள். வெளிச்சாப்பாடு உள்ளே கூடாது என்று பூங்கா வாசலில் காவலாளி மறித்தார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததே என்று எனக்குச் சந்தோஷம். இவர்கள் வெளியே நின்று சாப்பிடட்டும், அவர்கள் இருவரும் உள்ளே போகட்டும்!

எங்கே? மாப்பிள்ளையின் மாமா அவர் தோளில் கை போட்டார். "மாப்ளே, தண்ணி அருமையா விழுது. ஒரு குளியலப் போட்டுட்டு வந்துருவோம். பொண்ணு எங்கன ஓடிரவா போகுது?"

மாப்பிள்ளையும் தங்கையைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாங்கள் இருவரும் டிக்கெட் வாங்கி உள்ளே போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். சுற்றிலும் ஒரே செல்ஃபிக் கூட்டம். தங்கை சேலை மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள்.

"கல்யாணத்துக்குப் பொறவு என் வேலைய விடச் சொல்லுவாராக்கா? அதத்தான் மொதல்ல கேக்கணும்."

சாரல் வந்தது, போனது, மறுபடி வந்தது. மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. பூங்காவை மூடுகிறோம் என்று காவலாளி விசில் ஊதத் தொடங்கினார்.

வாசலுக்கு வந்தால், ஈரத்தலையோடு நின்ற மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று தங்கையின் கூந்தலில் மல்லிகைச் சரத்தை வைத்துவிட்டார். எங்கள் பக்கம் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சித்தி குலவை போட்டாள்.

"இன்னும் ரெண்டு பேரும் பேசவே இல்லையே!" என்றேன்.

"அதான் ஆயுசு பூரா பேசப் போறாவளே" என்றாள் சித்தி.

தங்கை பூவை எடுத்து என் கையில் கொடுத்தாள். குலவை பாதியில் நின்றது.

"தப்பா நெனைக்காதீங்க அத்தை. அவருகிட்ட ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு வந்து வச்சுக்கிடுதேன்."

வேனுக்கு அருகில் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த மாப்பிள்ளையை நோக்கித் தூறலில் நடந்தாள். உடனே அந்த மாமா, "ஐயோ, பொண்ணு நனையுதே" என்று குடையை விரித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினார்.

"அவங்கள ரெண்டு நிமிசம் தனியா விடுங்களேன்!" என்று நான் போட்ட சத்தத்தில், காவலாளியே வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டார்.