இரண்டு வீட்டில் ஒரே சைக்கிள்

புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டு ஹாலில், மாமனார் இளவயதில் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. பெல்பாட்டம், கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு சைக்கிள். ஹேண்டில்பாரை அவர் பிடித்திருப்பதைப் பார்த்தால், முரட்டுக் குதிரையை இப்போதுதான் அடக்கி நிறுத்தியவர் மாதிரி இருக்கும். அதில்தான் வாராவாரம் பாலம் கடந்து அக்கரையில் இருக்கும் ஜோகூர் போய் வந்ததாகச் சொல்வார். கல்யாணமாகி வந்த புதிதிலேயே எனக்கு அந்தக் கதை மனப்பாடம்.

போன நோன்புப் பெருநாளுக்கு என் அலுவலகத் தோழி எங்களைக் குடும்பத்தோடு அழைத்திருந்தாள். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. உள்ளே நுழைந்த மாமனார் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அங்கே தோழியின் அத்தா, அதாவது அவள் அப்பா, இளவயதில், சைக்கிளோடு. சைக்கிள் விளக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மணிக்கு மூடி இல்லை. ஹேண்டில்பாரில் ஒரு பிளாஸ்டிக் ரோஜா.

"இது என் சைக்கிளாச்சே," என்றார் மாமனார்.

கைகுலுக்க வந்த தோழியின் அத்தா கையை இழுத்துக்கொண்டார். அது தன்னுடையது என்றும், அதில் பந்தயம் ஜெயித்தது தன் பிள்ளைகளுக்கே தெரியும் என்றும் சொன்னார். மாமனார் கைபேசியில் எங்கள் வீட்டுப் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். அதே விளக்கு, அதே ரோஜா. அண்ணே, இதை எங்கே வாங்கினீர்கள் என்று மாமனார் கேட்க, உங்களுக்கு யார் கொடுத்தது என்று அத்தா கேட்க, இருவரும் திருடனைப் பிடித்துவிட்ட பார்வையோடு, ஆனால் மரியாதை குறையாமல் விசாரித்துக்கொண்டார்கள். நான் தட்டிலிருந்த கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெண்டாங் இறைச்சிக் கறிக் கிண்ணத்தோடு வந்த தோழியின் அம்மாதான் விஷயத்தை உடைத்தார்.

"எதுக்கு இப்படி நிக்கிறீங்க ரெண்டு பேரும்? அது ஸ்டூடியோ சைக்கிள் லா. எங்க அண்ணனும் அதோடதான் நின்னாரு. டயர்ல காத்துகூட இருக்காது."

பிறகு என் கணவர், அப்பாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். மாமனார் ஒரு துண்டு ரெண்டாங்கை வாயில் போட்டுக்கொண்டு, நல்ல காரம் என்றார். அப்படியானால் ஜோகூருக்கு எப்படிப் போனார்?

"பஸ்லதான் போனேன். சைக்கிள்னு சொன்னா கேக்கிறவங்களுக்கு நல்லா இருந்துச்சு."

தோழியின் அத்தா சிரித்த சிரிப்பில் சோபாவே குலுங்கியது. பந்தயத்தில் தான் கைதட்டியதோடு சரி என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரமே இருவரும் ஓட்டக் கற்றுக்கொள்ள ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குக் கிளம்பிவிட்டார்கள். நாங்களும் காவலுக்குப் போனோம். சைக்கிள் வாடகைக்கடைக்காரர் இருவரின் வயதையும் பார்த்துவிட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து மிதிக்கும் நான்கு சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதையும் நேராகக் கொண்டுபோய்த் தென்னை மரத்தில் முட்டினார்கள். நடை வேகம்தான், மனிதருக்கும் மரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமனார் இறங்கி வந்து, அந்த மரத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி நட்டிருக்க வேண்டும் என்று கடைக்காரருக்குப் பொறுமையாக விளக்கினார். தோழியின் அத்தா பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.