தூதர் பதவிக்கு ஒரு விருந்து தூரம்

விருந்தினரை வரவேற்கும் தொழிலில் எல்லாம் சரியாக நடந்தால் நம் பெயர் யாருக்கும் தெரியாது. தப்பு நடந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அமெரிக்காவின் சான்டா கிளாராவில் ஒரு வர்த்தகச் சங்கத்துக்காக வெளிநாட்டு அதிகாரிகளை அழைத்துவந்து, உட்காரவைத்து, வழியனுப்புவது என் வேலை. ஒருமுறையாவது கல்யாணத்தில் பெண் வீட்டுக்காரராக நின்றவர்களுக்கு இந்த வேதனையை நான் விளக்க வேண்டியதில்லை.

என்னை அதிகம் பதறவைத்தவர் ஷென் என்ற சீன அதிகாரி. மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கி முப்பது வருஷம் படிப்படியாக ஏறியவர். மிச்சமிருந்தது ஒரே படி, தூதர் பதவி. அது கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் ஓய்வு.

முன் சீட்

முதல் சந்திப்பு விமான நிலையத்தில். நம்மவர்கள் பெரிய மனிதரைக் காரில் எங்கே உட்காரவைப்போம்? முன்னால்தானே! நானும் முன்கதவை அகலமாகத் திறந்தேன். அவருடைய செயலாளர் முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் முறைப்படி பெரியவருக்குப் பின்சீட்டின் வலது ஓரம்; முன்சீட் உதவியாளருக்கு. இதைப் பற்றி நான்கு நூல்கள் படித்திருந்தேன். என் கை ஒன்றையும் படித்திருக்கவில்லை.

ஷென் முன்னால் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டார். ஃப்ரீவே முழுக்க ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது சொன்னார்: "மொழிபெயர்ப்பாளனாக எத்தனையோ வருஷம் இந்த சீட்டில் போயிருக்கிறேன். காது முழுக்கப் பின்னால் இருக்கும். இன்றைக்குத்தான் சாலையைப் பார்த்தேன்."

எது வாசல்?

பிறகு ஒரு செய்தி வந்தது. பெய்ஜிங்கிலிருந்து ஒரு துணை அமைச்சர் வருகிறார். ஷென் தூதராவாரா என்பது அவர் எழுதும் குறிப்பில் இருக்கிறது. விருந்து பக்கத்து ஊரான மில்பிடாஸில், ரஹீம் பாயின் ஹாலில். பாய் ஆம்பூர்க்காரர், பிரியாணியில் அவரை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

சீன முறைப்படி முதன்மை விருந்தினர் வாசலைப் பார்த்து உட்கார வேண்டும். அந்த ஹாலுக்கு இரண்டு வாசல். செயலாளர் எட்டு முறை மேஜையைத் திருப்பச் சொன்னார். ஒன்பதாவது முறை நான் அளவு நாடாவோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாய் சிரித்தார்: "இதுக்கே உட்கார்ந்துட்டீங்களா சார்? கல்யாணத்துல மாப்பிள்ளையோட சித்தப்பாவை எங்க உட்கார வைக்கிறதுன்னு எங்க வீட்ல நாலு நாள் பேசினோம். அவர் கடைசியில வரவே இல்ல."

காலித் தட்டு

விருந்து அமர்க்களமாகத் தொடங்கியது! துணை அமைச்சர் தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். உணவை வீணாக்கக்கூடாது என்று அவர்களுக்கு மேலிடத்துக் கண்டிப்பு. பாய்க்கோ, விருந்தாளியின் தட்டு காலியாக இருப்பது குடும்ப அவமானம். அவர் முடிக்க முடிக்க, இவர் வைக்க வைக்க, நான்காவது தட்டில் துணை அமைச்சரின் நெற்றி வியர்த்தது. மேலதிகாரியிடம் மிச்சம் வையுங்கள் என்று ஷென் சொல்ல முடியாது. உபசரிப்பவரிடம் போதும் என்றும் சொல்ல முடியாது. முப்பது வருஷ உழைப்பு ஒரு கரண்டி முனையில் ஆடிக்கொண்டிருந்தது.

ஷென் எழுந்தார். பாய் தோளில் கைவைத்தார். "இந்த வீட்டுக்காரர் இன்னும் சாப்பிடவில்லை. அவர் உட்காராமல் நாங்கள் எப்படிச் சாப்பிடுவது?" என்று தன் நாற்காலியைக் கொடுத்தார். பாய் கூச்சத்தோடு உட்கார்ந்தார். கரண்டி நின்றது! நான் கிட்டத்தட்டக் கைதட்டிவிட்டேன். விடைபெறும்போது துணை அமைச்சர் பாயைக் காட்டி ஷென்னிடம் சொன்னதை, செயலாளர் பிறகு எனக்கு மொழிபெயர்த்தார்: "பேச்சுவார்த்தை எதிலும் இந்த மனிதரை எதிர்ப்பக்கம் உட்கார விடாதே."

தீவு

இரண்டு மாதம் கழித்து ஷென்னே போன் செய்தார். தூதர்! நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். எந்த நாடு என்று கேட்டேன். வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய ஒரு தீவு. தூதரகத்தில் அவரையும் சேர்த்து மூன்று பேர்.

என் முகம் வாடியது போனிலேயே தெரிந்திருக்க வேண்டும். அவர் குரலில் மட்டும் உற்சாகம் குறையவில்லை: "முப்பது வருஷம் அடுத்தவர் பேச்சைப் பிழையில்லாமல் சொன்னேன். இனி பிழையானாலும் பேச்சு என்னுடையது."

ஆக, சக வரவேற்பாளர்களே, முப்பது வருஷத்தில் ஒருவர் தூதராகலாம், ஆனால் அவருக்குக் கதவு திறக்கிறவன் அறுபது வருஷம் திறந்தாலும் வெளிப்பக்கம்தான்.