ஸ்டேஷன் படத்தில் அப்பா

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. கடலோரத்துச் சின்ன ரயில்வே ஸ்டேஷன், வளைந்து வரும் ரயில், பின்னால் நீலமாய்த் தண்ணீர், ஆளே இல்லாத பிளாட்பாரம். எடுத்தவன் நான். ஓசூரில் கம்பெனி வேலை, லீவு நாளில் கேமரா. கம்பெனியில் நடந்த போட்டோ போட்டியில் அதற்குப் பரிசுகூடக் கிடைத்தது. வருகிறவர்கள் எல்லாம் "காலண்டர் மாதிரி இருக்கே" என்பார்கள். இப்போது அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஸ்டேஷனுக்கு அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். அஞ்செட்டிப் பக்கம் ராகியும் மாடுமாக இருந்தவர். கடலைப் பார்த்ததே இல்லை. அதற்காக இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டார். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எனக்குக் கொடுத்த டீ-ஷர்ட், பளீர் மஞ்சள். சர்க்கரையால் அவருக்குக் கண் ஏற்கெனவே மங்க ஆரம்பித்திருந்தது. "முழுசாப் போறதுக்குள்ள கடலோட ஒரு போட்டோ எடுத்துரு கண்ணு, ஊர்ல காட்டணும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பிளாட்பாரத்தில் ஏழெட்டுப் பேர் கேமராவுக்கு ஸ்டாண்டு போட்டுக் காத்திருந்தார்கள். ஆள் விழாமல் படம் எடுக்கவேண்டும் என்பதுதான் அங்கே எல்லாருக்கும் வெறி. ரயில் சத்தம் கேட்டதும் ஒருத்தன், "பெரியவரே, தள்ளுங்க, மஞ்சளா அடிக்குது!" என்று கத்தினான். எனக்கு மானம் போனது. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய், டிக்கெட் கொடுக்கும் அறையை ஒட்டியிருந்த தண்ணீர்க் குழாயருகே நிறுத்தினேன். "இங்கயே நில்லுங்கப்பா, அசையாதீங்க."

போட்டோவுக்குத்தான் நிறுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டார் மனுஷன். காலர் பட்டனைப் போட்டு, கையிரண்டையும் தொடையோடு ஒட்டி, விறைப்பாக நின்றார். ரயில் முழுதாகக் கடந்து போகும்வரை அசையவே இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்தும் கேமராவை அவர் பக்கம் திருப்பவில்லை. ரயில் போனபிறகாவது எடுத்திருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. நானோ என் படம் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதிலேயே இருந்தேன். என்ன பெரிய கலைஞன் நான், தூ!

"நான் விழுந்தனா கண்ணு?" என்று கேட்டார்.

"சூப்பரா விழுந்திருக்கீங்கப்பா."

வாயில் வந்த பொய். இன்னொரு தடவை கூட்டிவந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் ஷிப்ட், ஓவர்டைம் என்றே போய்விட்டது. ஒரு வருஷத்தில் அவர் பார்வையும் முழுதாகப் போனது. படத்தைச் சுவரில் மாட்டியது அதற்கப்புறம்தான்.

இப்போது எங்களோடுதான் இருக்கிறார். யார் வந்தாலும் சுவரைத் தடவிக்கொண்டே போய் அந்தப் படத்தின் கண்ணாடியில் விரல் வைப்பார். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஓனர் வந்தார். "கொழா பக்கத்துல நின்னுகினு இருக்கேன் பாருங்க, மஞ்ச சட்டை" என்றார் அப்பா. ஓனர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நல்ல மனுஷன். "ஹௌதண்ணா, ஆமா, ஜம்முன்னு இருக்கீங்க" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னார்.

அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. நான் நின்ற பக்கமாகத் திரும்பி, "நாளைக்கு நான் போய்ட்டா வேற போட்டோ தேடாத கண்ணு. இதுல இருக்கிற என்னையே பெருசு பண்ணி மாலை போட்ரு" என்றார்.

"சரிப்பா" என்றேன்.