அரைப் பேர்

பசுந்தேயிலை விலை விழுந்து, நான் வேலை பார்த்த ஃபேக்டரி மூடிக் கிடந்த மழைக்காலம் அது. மனைவி பக்கத்து ஊரான எமரால்டுக்குக் கேரட் கழுவப் போனாள். மாமியார் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தார். மீசை வைத்த நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்து பேயோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

பேய் டிவிக்குள். ஊரைவிட்டுப் போன பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போன பழைய வீடியோ கேம். ஜப்பானில் வந்த ஏதோ பேய்ப் படக்கதையை விளையாட்டாக்கிய கேசட் என்று சொன்னார். ஊர் ஊராக நடக்க வேண்டும், வழியில் பேய் மறிக்கும், அடிப்பதா ஓடுவதா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஒற்றைக் காலில் குதித்து வரும் கிழிந்த குடைப் பேயிடம் நான் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. தொடக்கத்தில் நாயகனுக்குப் பேர் கேட்கும். நான்கு கட்டத்தில் கைக்கு வந்த எழுத்தைப் போடுவேன். குந்தா அணையில் கரண்ட் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள், எங்கள் லைன் வீடுகளில் மட்டும் அது நிற்காது. போனால் எல்லாம் அழிந்துவிடும், மறுபடி பேரிலிருந்து தொடங்க வேண்டும். “பேரு போட்டாச்சா?” என்று மனைவி கேலி செய்வாள்.

அந்தக் கேலிக்குக் காரணம் உண்டு. சிலோன் தோட்டத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்குப் பேர் என்றால் ஒரு நாள் வேலை. வேலை கிடைத்தால் பேர் போட்டார்கள் என்போம். அரை நாள் என்றால் அரைப் பேர்.

ஃபேக்டரி கூப்பிடாவிட்டால் மனைவி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதாக இருந்தது. பெண்களை அங்கே அழைத்துப்போகும் அக்கா ஒரு நாள் குறித்து, அதற்குள் பதில் கேட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மாமி நனைந்து வந்தார். மழைக்குத் தலையில் போட்டிருந்த சாக்கை அடுப்படியில் உதறியபடியே கேட்டார்.

“பேரு போட்டாச்சா மருமகன்?”

மகளின் கேலி தாய்க்கும் தொற்றிவிட்டது என்று நினைத்தேன். “போட்டாச்சு மாமி.”

“முழுப் பேரா?”

அன்றைக்கு இரண்டு கட்டத்தில்தான் எழுத்துப் போட்டிருந்தேன். “இல்ல மாமி, அரைப் பேருதான்.”

“அரைப் பேருன்னாலும் பேருதானே, தாயே!”

மாமி வெளியே போகும் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டது. எனக்கு உறைக்கவில்லை. குடைப் பேய் வந்துவிட்டது.

மாமி திரும்பி வந்தபோது கையில் மாரியம்மன் கோயில் திருநீறு. “மருமகனை ஃபேக்டரியில எடுத்துட்டாங்க, மக வரமாட்டான்னு திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போறவகிட்ட சொல்லிட்டேன்” என்று சிரித்தார். ஃபேக்டரி மூடிய பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. டிவியில் நாயகன் பேரைக் காட்டி, “இந்தப் பேரு மாமி” என்றேன்.

கிட்டே வந்து குனிந்து பார்த்தார். “என்ன எழுதியிருக்கு?”

“தெரியல. எனக்கு வாசிக்கத் தெரியாது.”

திட்டியிருந்தால் தேவலை. அந்தத் திருநீற்றை என் நெற்றியில் பூசினார். விரல் சில்லென்று இருந்தது. ஈரச் சாக்கை எடுத்து மறுபடி தலையில் போட்டுக்கொண்டார்.

“நான் போய் அந்த அக்காகிட்ட சொல்றேன் மாமி” என்று எழுந்தேன்.

“நீங்க வேணாம், ஆளாளுக்குப் பேசுவாங்க” என்றார். “எனக்குக் காது சரியா கேக்கலன்னு சொல்லிக்கிறேன்.”