எட்டாம் நம்பரும் எங்க வீட்டுச் சங்கும்

என் வீட்டுக்காரரை ஃபுட்பால் மைதானத்துல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. சங்குன்னுதான் சொல்வாங்க. ஆலைச் சங்கு மாதிரி அடிவயித்துலேர்ந்து "ஊஊ"ன்னு ஒரு சத்தம் எழுப்புவார், கிழக்குப் பக்கத்துக் கூட்டம் மொத்தமும் அதைப் பிடிச்சுக்கும். எதிர் டீமை யார் வேணாலும் இப்படி ஊதிக் கேலி பண்ணலாம். நம்ம ஆளை ஊதுறதுக்கு மட்டும் ஒரு முறை வச்சிருந்தாங்க. சங்கு முதல்ல எழும்பணும், அப்புறம்தான் மத்தவங்க. அவசரக்குடுக்கை எவனாவது முந்திக்கிட்டா பக்கத்துல இருக்கிறவன் சட்டையைப் பிடிச்சு இழுத்து உட்கார வச்சிடுவான். வீட்டுல வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷனுக்கு அங்க இவ்வளவு மரியாதையான்னு எனக்கே வயித்தெரிச்சலா இருக்கும்.

வேலை டின் மூடி அடிக்கிற பட்டறையில. பிரஸ் மெஷின் முன்னாடி நின்னு தகடைத் தள்ளணும், தலைக்கு மேலேர்ந்து இடி விழுற மாதிரி விழும், மூடி வெளிய வரும். இருபது வருஷத்துக்கு மேல அந்த இடிக்குப் பக்கத்துலயே நின்னவர். அங்க ஒரு கண்டிப்பு உண்டு. மெஷின்ல கோளாறுன்னா மணி அடிக்கும், உடனே கையை எடுத்துடணும். மணி கேக்காதவனை பிரஸ்ல நிறுத்த மாட்டாங்க. யார் நிக்கலாம், யார் நிக்கக் கூடாதுன்னு பார்க்கிற சூப்பர்வைசர் வேற யாரும் இல்ல, என் கூடப்பிறந்த தம்பி.

அப்போ எனக்குத் தெரியாது, இப்போ சொல்லிடுறேன். அவருக்கு இடது காது சுத்தமாப் போயிடுச்சு. வருஷா வருஷம் காது டெஸ்ட் எடுப்பாங்க. அங்க ஹெட்போனை மாட்டிக்கிட்டு நர்ஸம்மா விரலையே பார்த்துக்கிட்டு இருப்பாராம். பட்டனை அமுக்க விரல் அசைஞ்சா இவர் கையைத் தூக்கிடுவார். மணியடிச்சா தரையில ஒரு அதிர்வு வரும், அதைக் காலாலயே கண்டுபிடிச்சுடுவேன்னு சொன்னார். எத்தனை நாளைக்குக் கால் காதா இருக்கும்? அந்த வேலை போனா எங்களுக்கு வேற கதி கிடையாது. நான் தைக்கிற பள்ளிக்கூட யூனிஃபார்ம் காசு நூல் வாங்கவே பத்தாது.

எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வேற. கூப்பிட்டாத் திரும்ப மாட்டார். போன் வந்தா எடுத்துக்கிட்டு வாசலைத் தாண்டிப் போயிடுவார். நான் ஏதாவது சொன்னா "அதான் நானும் சொல்றேன்"னு ஒரு சிரிப்பு சிரிப்பார். படுக்கையில சுவத்துப் பக்கமாத் திரும்பித்தான் படுப்பார். ஒருநாள் "அடுப்பை அணைங்க"ன்னு கத்தினேன், அப்பவும் "அதான் நானும் சொல்றேன்". பால் பொங்கித் தரையெல்லாம் ஓடுது. பொம்பளைக்குச் சந்தேகம் வர இதுக்கு மேல என்ன வேணும்? இந்த வயசுல மனுஷனுக்கு எவளோ கிடைச்சிட்டாள்னு முடிவே பண்ணிட்டேன். போனை எடுத்துப் பார்த்தேன், சட்டைப் பையைப் பார்த்தேன், டிபன் டப்பாவை மோந்துகூடப் பார்த்தேன். நான் செஞ்சதுல தப்பே இல்ல. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

எங்க வீட்டுல நான் இப்படி ஒருத்தரைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்த நேரத்துல முன்னறையில எல்லாரும் இன்னொருத்தனைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தாங்க. எட்டாம் நம்பர். நம்ம டீம்ல வலது ஓரமா ஓடுற பையன். ஆட்டம் முடிஞ்ச மறுநாள் சாயங்காலம் என் தம்பியும், மைதானத்துல இவங்க கூட உட்கார்ற டியூஷன் வாத்தியாரும் எங்க வீட்டுக்கு வந்துடுவாங்க. நான் தையல் மெஷினை மிதிச்சுக்கிட்டே எல்லாத்தையும் கேப்பேன்.

"அவன் ஆடின ஆட்டமெல்லாம் தோல்வி. அவன் வெளிய உட்கார்ந்த ஆட்டம் ஜெயிச்சிருக்கோம்" என்பான் தம்பி. "காசு வாங்கிட்டுத் தோக்க வைக்கிறான், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

வாத்தியார் கணக்குல புலி. "அப்படி இல்லப்பா. ஊத ஆரம்பிச்ச பிறகுதான் அவன் ஆட்டம் கெட்டுச்சு. நீங்க ஊதுறதாலதான் தோக்குறோம்."

"கோலையே காணோம், அதனாலதானே சார் ஊதுறோம்."

"அப்போ ஏன் முதல் பாதி முழுக்க நல்லா ஆடுறான்? இடைவேளை முடிஞ்சு வந்தாத்தானே சொதப்புறான்?"

தம்பி தொடையைத் தட்டினான். "கரெக்டாச் சொன்னீங்க. இடைவேளையிலதான் கைமாறுது. எவனோ உள்ள வந்து கவனிச்சுட்டுப் போறான்."

வாத்தியார் தலையில அடிச்சுக்கிட்டார். தம்பி அடுக்கிக்கிட்டே போனான். கூட ஆடுறவன் தொண்டை கிழியக் கூப்பிடுறான், இவன் திரும்புறதே இல்ல, திமிர். நடுவர் விசில் ஊதின பிறகும் பந்தை உதைக்கிறான், கொழுப்பு. கோச் பேசும்போது வாயையே முறைச்சுப் பார்க்கிறான், மரியாதை தெரியாத ஜென்மம். என் வீட்டுக்காரர் சுவரோரமா உட்கார்ந்து எல்லாத்துக்கும் தலையை ஆட்டுவார்.

அப்புறம் கிழக்குப் பக்கத்து மேல் வரிசையில கூரையைப் பிரிச்சுப் போட்டாங்க. சங்குக் கூட்டம் கீழ வரிசைக்கு, கோட்டுக்குப் பக்கத்துலயே வந்து உட்கார வேண்டியதாப் போச்சு. அன்னைக்குத்தான் இவர் எட்டாம் நம்பரைக் கிட்டத்துல பார்த்தார். என்ன பார்த்தாரோ, அன்னைக்கு அந்தப் பையன் தப்புக்கு மேல தப்பா விட்டும் சங்கு எழும்பல. கூட்டமே திரும்பித் திரும்பி இவரைப் பார்த்துச்சு. ஒருத்தனும் ஊதல, முறைன்னு ஒண்ணு இருக்கே. ஆட்டமும் தோத்துப் போச்சு.

போதாக்குறைக்கு, ஆட்டம் முடிஞ்சு ஆட்டக்காரங்க வெளிய வர்ற கேட்டுக்கிட்ட இவர் போய் நின்னதை என் தம்பி தூரத்துலேர்ந்து பார்த்துட்டான். எட்டாம் நம்பருக்கு இந்தப் பக்கம் நின்னு ஏதோ சொன்னாராம், அந்தப் பக்கம் சுத்திப் போய் மறுபடி சொன்னாராம், அவன் சிரிச்சு இவர் தோளைத் தொட்டுட்டுப் போனானாம்.

அவ்வளவுதான், தீ பத்திக்கிச்சு. "அக்கா, மச்சான் கையில ஏதாவது புதுசாப் பணம் நடமாடுதா?"ன்னு அடுப்படிக்கே வந்து என்னைக் கேட்டான். எனக்குக் கோபம் வந்துச்சு, வெக்கமாவும் இருந்துச்சு. ஏன்னா நானும்தான் அந்தப் பையைத் துழாவினவ. "பணமா, உங்க மச்சான் கையிலயா? பூனை பாலைப் பத்திரமா வச்சிருக்கும்னு சொல்லு நம்புறேன்" என்றேன். ஆனா உள்ளுக்குள்ள எனக்கும் உறுத்துச்சு. எவளோ ஒருத்தி இருப்பாள்னு நினைச்சா, இப்போ எட்டாம் நம்பர் வேற வந்து நிக்கிறான்.

அடுத்த ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மூணு பேரும் கூடினாங்க. இவர் எப்பவும் உட்கார்ற சுவரோரத்துல நான் தைச்சு முடிச்ச யூனிஃபார்மை மலை மாதிரி குவிச்சு வச்சிருந்தேன். மறுநாள் காலையில கொடுக்க வேண்டியது. அதனால இவர் நடுவுல உட்கார்ந்தார். வலது பக்கம் வாத்தியார். தம்பி லேட்டா வந்து இடது பக்கம் உட்கார்ந்தான். வழக்கமா அந்தக் காதுப் பக்கம் சுவர்தான் இருக்கும்.

தம்பி டிவியைப் பார்த்துக்கிட்டே பேசினான். "நாளைக்கு ஆட்டம் தொடங்கினதுலேர்ந்தே ஊதணும் சார். அவனை வெளிய எடுக்கிற வரைக்கும் விடக்கூடாது. இந்த சீசனோட அவன் ஒப்பந்தம் முடியுது, சத்தத்தைக் கேட்டு கிளப்பே விரட்டிடும்."

"சங்கு எழும்பணுமே" என்றார் வாத்தியார்.

தம்பி திரும்பக்கூட இல்ல. தணிஞ்ச குரல்ல சொன்னான், "காசு வாங்கித் தின்ன நாய் எங்க ஊதப் போகுது."

என் கால் மெஷின்ல அப்படியே நின்னுடுச்சு. வாத்தியார் இவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எல்லாரும் தன்னைப் பார்க்கிறதை இவர் கவனிச்சார். ஏதோ தமாஷ் சொல்லியிருக்கான்னு நினைச்சுக்கிட்டு முகமெல்லாம் சிரிப்பா என் தம்பி பக்கம் திரும்பி அவன் தொடையைத் தட்டினார்.

"அதான் மாப்ள நானும் சொல்றேன்" என்றார்.

அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக் கூடாது. பால் பொங்கினப்போ சிரிச்சாரே, அதே சிரிப்பு. எவளும் இல்ல, ஒண்ணும் இல்ல, இந்த மனுஷனுக்குக் காது கேக்கலை.

தம்பி முகத்துல இருந்த கோபம் போயிடுச்சு. பட்டறையில மெஷினைப் பரிசோதிக்கும்போது ஒரு பார்வை பார்ப்பான், அது வந்துச்சு. டிவியை அணைச்சான். வாய் அசையறது இவருக்குத் தெரியாம, பின்னாலேர்ந்து அந்த இடது காதுகிட்டப் போய்க் கிசுகிசுன்னு சொன்னான்.

"மச்சான், பிரஸ்ல தீப்பிடிச்சிருச்சு."

"சரி மாப்ள, சரி" என்றார் இவர். அப்புறம்தான் டிவி அணைஞ்சிருக்கிறதும், யாருமே சிரிக்கலைங்கிறதும் அவருக்கு உறைச்சுது. என்னைப் பார்த்தார். "என்ன சொன்னான்?"

சொல்லாம இருந்திருக்கலாம். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். எனக்கு மழுப்ப வராது. எழுந்து முன்னாடி போய் நின்னு, முகத்துக்கு நேரா ரெண்டையும் சொன்னேன். நாயையும் சொன்னேன், தீயையும் சொன்னேன்.

வாத்தியார்தான் மெதுவா வாயைத் திறந்தார். "அப்போ எட்டுக்கும்..."

"எட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று வெட்டினார் இவர். அவ்வளவு கறாரா அவர் பேசி நான் கேட்டதே இல்ல. "பேச்சு என் காதைப் பத்தி. அதைப் பேசுங்க." அப்புறம் என் தம்பி பக்கம், உடம்பையே திருப்பி, கேட்டார். "திங்கக்கிழமை நான் வேலைக்கு வரட்டுமா, வேண்டாமா?"

என் தம்பி செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான்.

அன்னைக்கு யூனிஃபார்மை மடிச்சுக்கிட்டே நான்தான் வாயைப் பிடுங்கினேன். எட்டுக்கும் இடது காது கேக்காதுன்னார். கீழ வரிசையிலேர்ந்து பார்த்தப்போ தன்னையே பார்த்த மாதிரி இருந்துச்சாம். எல்லாரையும் வலது பக்கமா நிக்க வச்சுக்கிறான், வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிறான், மத்தவங்க நின்ன பிறகுதான் விசில்னு தெரிஞ்சுக்கிறான். கேட்டுக்கிட்டப் போய் இடது பக்கம் பேசினாராம், அசையல. வலது பக்கம் போய் "நல்லா ஆடுப்பா"ன்னாராம், சிரிச்சானாம். "முதல் பாதியில நம்ம கூட்டம் அவனுக்கு இடது பக்கம். நாங்க ஊதுறது அவனுக்குச் சரியாக் கேக்காது. இடைவேளைக்கு அப்புறம் பக்கம் மாறும். அத்தனையும் நல்ல காதுல விழும்"னார். "அவனை இத்தனை நாளா கொன்னது நான்தாண்டி. யார்கிட்டயும் சொல்லிடாதே. தெரிஞ்சா அவன் பொழைப்புப் போயிடும்."

மறுநாள் ஆட்டத்துல சங்கு இல்லாமலே கூட்டம் ஊதுச்சு. முறையெல்லாம் காத்துல போயிடுச்சு. தம்பியும் வாத்தியாரும் மட்டும் வாயைத் திறக்கலையாம். அந்த ஆட்டமும் தோல்விதான்.

திங்கக்கிழமை தம்பி இவரை பிரஸ்லேர்ந்து எடுத்துட்டான். பின்கட்டுல பெட்டி அடுக்குற வேலை. சம்பளமும் குறைச்சல். நான் அவன் வீட்டுக்கே போய் சண்டை போட்டேன், கூடப்பிறந்தவன்னு பார்க்காம என் வாயில வந்ததெல்லாம் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அக்கா, மச்சான் கை போனா உன்னால ஒட்டி வைக்க முடியுமா?"ன்னான். அவன் கேட்டது நியாயம்தான். அதுக்காக அவன்கூடப் பேசணும்னு அவசியமும் இல்லையே.

சீசன் முடிய, கிளப்பு எட்டைக் கூப்பிட்டுக் காது டெஸ்ட் எடுத்துச்சு. அவன் யாரோட விரலைப் பார்த்தானோ, தப்பிக்க முடியல. ஒப்பந்தம் இல்லைன்னு அனுப்பிட்டாங்க. யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்காங்கன்னு மைதானம் பூரா பேச்சு. தம்பி வாத்தியார்தான்னு சொல்றான். வாத்தியார் தம்பிதான்னு சொல்றார். ரெண்டு பேரும் இப்போ ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறாங்க.

இவர் பெட்டி அடுக்கிட்டு வந்து, கை கால் கழுவிட்டு அடுப்படி வாசல்ல நின்னார்.

"எட்டு விஷயத்தை முழுசாச் சொன்னது உன்கிட்ட மட்டும்தான்" என்றார். "நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

நான் கையில இருந்த கரண்டியை வச்சுட்டு, சுத்தி வந்து, அவருக்குக் கேக்குற வலது காதுப் பக்கமா நின்னேன். இல்லைன்னு சொன்னேன். தெளிவாத்தான் சொன்னேன். அவர் திரும்பல.