குலாலையின் அண்ணன் போட்ட திட்டம்

மீர் கலாம் தன் தங்கச்சியின் பேரை வெளியே சொல்ல மாட்டான். ஆப்கான் எல்லையை ஒட்டிய மலைச்சீமையான வசீரிஸ்தானில் ஆண்பிள்ளைகள் யாருமே சொல்ல மாட்டார்கள். வீட்டுப் பெண்ணின் பேர் நாலு பேர் காதில் விழுந்தால் அவர்களுக்கு மானம் போய்விட்ட மாதிரி. அவன் சொல்லும்வரை காத்திருந்தால் விடிந்துவிடும், நாமே சொல்லிவிடலாம். அவள் பேர் குலாலை.

அம்மா செத்தபோது குலாலைக்கு மூன்று வயது. தலைவாரி விட்டது, ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டியது, காய்ச்சலில் தோளில் போட்டு நடந்தது எல்லாம் மீர் கலாம்தான். அவளை எல்லைக்கு அந்தப் பக்கம், ஆப்கான் ஊரான கோஸ்த்தில் கட்டிக் கொடுத்தார்கள். அப்போது அது ஒரு தூரமாகவே தெரியவில்லை. காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அடுத்த வருஷம் இவன் ஷார்ஜாவுக்கு வந்து தண்ணீர் லாரி ஓட்டத் தொடங்கினான். அதற்குப் பிறகு நடுவில் கம்பிவேலி வந்தது. இவன் லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் எல்லைக் கதவு ஏதாவது ஒரு சண்டையில் மூடிக்கிடக்கும். இப்படியே பதினைந்து வருஷம் போய்விட்டது. போனில் எப்போதாவது குரல் கேட்பான், அவ்வளவுதான்.

காபூலில் ஆட்சி மாறியதும் குலாலையின் புருஷன் ஹஸ்ரத், வெளிநாட்டுக்காரர்களிடம் வேலை பார்த்தவன் என்பதால், அவளோடு விமானம் ஏறி அபுதாபிக்கு வந்து சேர்ந்தான். கனடாவுக்குக் கூப்பிடும்வரை ஒரு பெரிய சுற்றுச்சுவருக்குள் இருக்கச் சொன்னார்கள். வெளியே விட மாட்டார்கள், உள்ளேயும் யாரையும் விட மாட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மீர் கலாம் அந்த வாசல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினான். தங்கச்சி ரெண்டு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறாள், ஆனால் பார்க்க முடியாது. இதற்கு அவள் கோஸ்த்திலேயே இருந்திருக்கலாம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹஸ்ரத் பேசி அனுப்பிய குரல்பதிவு போனில் வந்தது. அண்ணனை அவர்கள் பேச்சில் லாலா என்பார்கள்.

"லாலா, கனடாவுக்கு உத்தரவு வந்திருச்சு. வெள்ளிக்கிழமை விடிகாலை ஃபிளைட். அதுக்கு முன்னாடி, புதன்கிழமை சாயங்காலம், இங்க இருக்குற பொம்பளைங்களையும் பிள்ளைங்களையும் பஸ்ல துபாய் மேளாவுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. ஆம்பளைங்களுக்குக் கிடையாது. வீட்ல உள்ளவங்க வர்றாங்க. நீங்க பாக்கணும்னா அது ஒண்ணுதான் வழி. ஆனா அவங்க கையில போன் இருக்காது. எங்கிட்ட இருக்குறது ஒரே போன், அதுவும் இந்தச் சுவருக்குள்ளதான் வேலை செய்யும்."

மீர் கலாமுக்குத் தலைகால் புரியவில்லை. அறையில் இருந்தவர்களை எல்லாம் எழுப்பிவிட்டான். அறையில் சமையல் பொறுப்பு ஜன்னத் குல்லுக்கு. வாய் நீளம், மனசு நல்ல மனசு. சமந்தர் சின்னவன், அவனும் லாரி ஓட்டுகிறவன்தான். மூவரும் பச்சைத் தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். ஒரு கல்யாணத்துக்குக்கூட அப்படிப் போட்டிருக்க மாட்டார்கள்.

"மொதல்ல லீவு," என்றான் சமந்தர். "புதன்கிழமை உன் சாயங்கால லோடு ரெண்டையும் நான் அடிச்சுடுறேன் லாலா. போர்மேன் கேட்டா வயித்துப்போக்குன்னு சொல்லிடுறேன்."

"அவன் வயித்துக்கு என்ன கேடு? காய்ச்சல்னு சொல்லுடா, கௌரவமா இருக்கும்," என்றான் ஜன்னத் குல்.

மேளா மைதானத்தில் நாட்டுக்கு ஒன்றாக மண்டபம் கட்டியிருப்பார்கள். எங்கே நிற்பது? அதையும் ஹஸ்ரத் விசாரித்துச் சொன்னான். ஆப்கான் மண்டபத்தில் நுழைந்ததும் வலது கைப்பக்கம் ஒரு உலர்பழக் கடை. பொழுது சாய்ந்ததும் தொழும் மஃரிப் தொழுகை முடிந்ததும் குலாலை அங்கே வந்துவிடுவாள். கூட வரும் பெண் அதிகாரிகள் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்க்க விடுவார்கள், பிறகு பஸ்.

என்ன வாங்கிக்கொண்டு போவது என்பதில் ஒரு சண்டை நடந்தது. மீர் கலாம் கனத்த கம்பளிச் சால்வை ஒன்றை வாங்கி வந்து விரித்துக் காட்டினான்.

"கனடாக்காரன் கம்பளி இல்லாமயா இத்தன நாள் உயிரோட இருக்கான்?" என்றான் ஜன்னத் குல். "ஏதாவது இனிப்பு வாங்கிட்டுப் போவியா, போர்வைய வாங்கிட்டு வந்து நிக்குற!"

"அவளுக்குச் சின்ன வயசுலயே குளிர் தாங்காது," என்றான் மீர் கலாம்.

செவ்வாய்க்கிழமை ஹஸ்ரத் ஒரு போட்டோ கேட்டான். "அவங்ககிட்ட காட்டணும் லாலா. பதினஞ்சு வருஷம் ஆச்சுல்ல, அடையாளம் தெரியணுமே."

சமந்தர் உடனே போனைத் தூக்கி ஒரு படம் எடுத்தான். மீர் கலாம் அதை வாங்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். நாற்பதுகூட ஆகாதவன். ஷார்ஜாவுக்கு வெளியே சஜா தொழிற்பேட்டையின் புழுதியிலும் வெயிலிலும் லாரி ஓட்டி ஓட்டித் தாடி முழுக்க நரைத்துவிட்டது, முன்பற்கள் ரெண்டு இல்லை, கன்னம் ஒட்டிவிட்டது. அறுபது வயசுக் கிழவன் ஒருவன் அந்தப் படத்திலிருந்து அவனைப் பார்த்தான்.

"இது வேண்டாம். இதப் பாத்தா அழுதுடுவா," என்றான். "நான் நல்லா இருக்கேன்னுதான் இத்தன வருஷமும் சொல்லி வச்சிருக்கேன்." பெட்டியின் அடியிலிருந்து, இந்த ஊருக்கு வந்த புதிதில் ஸ்டுடியோவில் எடுத்த படத்தை எடுத்துக் கொடுத்தான். கறுத்த தாடி, நிமிர்ந்த கழுத்து, பின்னால் நீல நிறத் திரையில் வரைந்த அருவி. அதைப் படம் பிடித்து அனுப்பினார்கள்.

"அட கிறுக்கா, பொண்ணு பாக்கவா போற? மாப்பிள்ள போட்டோ அனுப்புறியே!" என்று ஜன்னத் குல் தலையில் அடித்துக்கொண்டான். "சரி, அவ படத்த நீ கேட்டியா?"

மீர் கலாம் அவனை ஒரு முறை முறைத்தான். இன்னொருத்தன் பெண்டாட்டியின் படத்தைப் போனில் அனுப்பச் சொல்வதா? தங்கச்சியே ஆனாலும் அவள் இப்போது ஹஸ்ரத் வீட்டு மானம். ஜன்னத் குல்லும் அதே ஊர்க்காரன்தான், கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"என் கையில வளந்தவ. எனக்குத் தெரியாதா?" என்றான் மீர் கலாம்.

இந்த மனுஷனை என்னவென்று சொல்வது! தெரியும், தெரியும் என்றான். எதை வைத்துத் தெரியும் என்று அறையில் ஒருத்தனாவது கேட்டிருக்க வேண்டாமா?

புதன்கிழமை மத்தியானமே குளித்து, வெள்ளைக் கமீஸ் போட்டு, அத்தர் தடவி, சால்வையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். ரெண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் சாயவில்லை. டிக்கெட் வாங்கி முதல் ஆட்களோடு உள்ளே போனான். ராட்டினம், மேளம், வறுத்த சோள வாசனை, ஆப்பிரிக்க மண்டபத்து வாசலில் ஆட்டம். எதையும் அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வழியில் தன் நாட்டு மண்டபத்தையும் கடந்து போனான். அங்கிருந்து ஆப்கான் மண்டபம் பத்துப் பதினைந்து எட்டுதான் இருக்கும். நடுவில் ஒரு ஐஸ்கிரீம் வண்டி, வேறொன்றும் இல்லை.

உலர்பழக் கடைக்காரன் ஹெராத்காரன். அத்திப்பழமும் பிஸ்தாவும் குவித்து வைத்திருந்தான். பக்கத்துச் சுவர் முழுக்கக் கம்பளங்கள் தொங்கின.

"என்ன வேணும் பெரியவரே?" என்று கேட்டான்.

"ஒண்ணும் வேணாம். எங்க வீட்டு ஆளு ஒருத்தர் வரணும்."

"யாரு, பேர் சொல்லுங்க. வந்தா நான் சொல்லி வைக்கிறேன்."

"வருவாங்க," என்று மட்டும் சொன்னான்.

தொழுதுவிட்டு வந்து, கடைக்கும் கம்பளத்துக்கும் நடுவில் நின்றான். கூட்டம் ஏறத் தொடங்கியது. பெண்கள் வந்தார்கள், குழந்தைகளோடு, சுற்றத்தோடு. ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் மீர் கலாம் கண்ணைத் தாழ்த்தி, ஒதுங்கி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். யோசித்துச் செய்யவில்லை. அந்நியப் பெண்கள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது அவன் ஊரில் பிள்ளைப் பருவத்திலேயே உடம்பில் ஏறிவிடுகிற பழக்கம். தும்மல் வந்தால் கண் மூடுகிறதில்லையா, அப்படி. பெண்கள் போனதும் திரும்பி வாசலைப் பார்ப்பான். மறுபடி பெண்கள், மறுபடி சுவர்.

அப்போதுதான் பின்னால் பேச்சுக் கேட்டது. கோஸ்த் பக்கத்துப் பஷ்தோ! முப்பது நாற்பது பெண்கள் இருக்கும், பிள்ளைகளின் கூச்சல் வேறு. பஸ் வந்துவிட்டது. மீர் கலாமுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரும்பு, திரும்பு என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. திரும்பி? அத்தனை பெண்களின் முகத்தையும் ஒவ்வொன்றாக உற்றுப் பார்ப்பதா? பக்கத்தில் வேறு அவன் இனத்துப் பஷ்தூன் பையன்கள் ரெண்டு பேர் நின்று பிஸ்தா தின்றுகொண்டிருந்தார்கள். என்ன நினைப்பார்கள்? அவள்தான் என் போட்டோவைப் பார்த்திருக்கிறாளே, அவளே வந்து லாலா என்று கூப்பிடுவாள் என்று நினைத்தான். நினைத்து, முதுகை நிமிர்த்தி, தலைத்துண்டைச் சரிசெய்து, அவள் கண்ணில் படும்படி இன்னும் கொஞ்சம் நேராக நின்றான். கம்பளத்தைப் பார்த்தபடி!

கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த கடைக்கு நகர்ந்தது. ஒருத்தி மட்டும் நகரவில்லை. தாழ்ந்த கண்ணுக்குத் தரையோடு புரளும் கறுப்புப் போர்வையின் ஓரமும், தூசி படிந்த செருப்பும் தெரிந்தன. அவள் அங்கேயே வெகுநேரம் நின்றாள். வழியை மறைத்து நிற்கிறோமோ என்று மீர் கலாமுக்குக் கூச்சமாகிவிட்டது. இன்னும் ரெண்டு எட்டு ஒதுங்கி, முழுதாக முதுகைக் காட்டி நின்றான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று வாயைத் திறந்தான். கடைவீதியில், ஊரான் காதில் விழ, தங்கச்சி பேரை எப்படிச் சொல்வது? அந்தப் பையன்கள் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டான்.

வெளியே யாரோ விசில் ஊதினார்கள். செருப்புச் சத்தம் நகர்ந்து போனது. கொஞ்ச நேரம் கழித்து அவன் திரும்பிப் பார்த்தபோது கடைக்காரனும் பிஸ்தாவும்தான் இருந்தார்கள்.

இது வேறு கூட்டமாக இருக்கும், நம்முடையவள் இனிமேல் வருவாள் என்று சொல்லிக்கொண்டு நின்றான். கால் கடுக்க நின்றான். கடைக்காரன் துணி போட்டு மூடிய பிறகும் நின்றவனைக் காவலாளிதான் வந்து வெளியே அனுப்பினான்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் நேரம் போனில் மறுபடி ஒரு குரல்பதிவு வந்தது. ஹஸ்ரத் இல்லை. அவளே பேசியிருந்தாள். மீர் கலாம் கட்டிலில் உட்கார்ந்து போனைக் காதோடு வைத்தான். ஆனால் அறை சின்னது, எல்லோருக்கும் கேட்டது.

"லாலா, நீ வரவே இல்லயே. சொன்ன எடத்துலதான் நின்னேன். எல்லாரும் போன பிறகும் நான் அந்தக் கடைகிட்டயே நின்னேன். நரச்ச தாடியோட ஒரு பெரியவர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பி நின்னாரு. நம்ம சீமை ஆளுதான், பாத்தாலே தெரிஞ்சுது. மானம் மரியாத தெரிஞ்ச மனுஷன், நான் நிக்கிறதப் பாத்து ஒதுங்கி எடம் விட்டாரு. மீர் கலாம்னு யாரையாவது தெரியுமான்னு அவர்கிட்ட கேக்கலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு லாலா. அந்நிய ஆம்பளகிட்ட எப்படிப் பேசுறது? உனக்கு ஒண்ணும் ஆகலயே? வண்டி ஓட்டுறவன்... எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு நாங்க போறோம். ஒரு வார்த்த சொல்லு."

ஜன்னத் குல் அடுப்பை அணைத்தான்.

"லாலா, அது நீதான்!" என்றான் சமந்தர். "சொல்லு லாலா. அது நான்தான்னு சொல்லு. பக்கத்துலயே நின்னேன்னு சொல்லு. அதாவது தெரியட்டும் அவளுக்கு."

மீர் கலாம் இல்லை என்று தலையாட்டினான். அவள் பார்த்தது ஒரு கிழவனை. தன் அண்ணனைக் கிழவன் என்று நினைத்து, கையெட்டும் தூரத்தில் விட்டுவிட்டு வந்தோம் என்று தெரிந்தால், அவள் அந்தப் பனியில் உட்கார்ந்து சாகிறவரை அதையே நினைத்து அழுவாள். அண்ணன்மேல் கோபம் என்றால் ஒரு நாள் ஆறிவிடும்.

தொண்டையைச் செருமிக்கொண்டான். போனில் பதிவுப் பட்டனை அழுத்திப் பிடித்து, சிரிக்கிற குரலில் பேசினான்.

"எனக்கு என்ன கேடும்மா, கல்லு மாதிரி இருக்கேன். கம்பெனியில லீவு தரல, அதான். நான் அந்தப் பக்கமே வரல. நீ வீணா நின்னுட்டியா? சரி விடு... மேளாவ நல்லாச் சுத்திப் பாத்தியா?"